கரிச்சுவரின் விலை

உணவுப் படங்களுக்கென்றே பின்னணித் தாள்கள் விற்கிறார்கள். வெடித்த மரப்பலகை, பூச்சு உதிர்ந்த சுவர், சிமெண்டுத் தரை எல்லாம் வினைலில் அச்சடித்தவை. பளபளப்பில்லாத தாள் என்பதால் வெளிச்சம் திருப்பி அடிக்காது. சன்னலோரம் விரித்து மேலே ஓர் இரும்புச் சட்டியை வைத்தால் கிராமத்துச் சமையல் தயார். புகை மட்டும் வராது.

காட்டுமன்னார்கோயில் அருகே ஒரு மகளிர் குழுவின் கூழ் வடகத்தைப் படமெடுக்கப் போனபோது எனக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. குழுத்தலைவி வீட்டு அடுப்புக்குப் பின்னால் அசல் கரிச்சுவரே இருந்தது. வெள்ளை வடகம் கறுப்பில் எடுப்பாகத் தெரியும். உண்மையான பின்னணி என்ற பெருமிதம் வேறு. தட்டை அங்கே கொண்டுபோனேன்.

“அந்தச் சுவரு வேணாங்க்கா. அது நாங்க இருமுற எடம்” என்றார் அவர்.

வீட்டு அடுப்புப் புகை உள்ளிட்ட வீட்டுக்குள் நிலவும் காற்று மாசால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சுவரில் நான் பார்த்தது நிறத்தைத்தான்.

நாம் ரசிக்கும் ‘நாட்டுப்புற’ அழகு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. அம்மியும் மண்சட்டியும் படத்துக்குள் வருகின்றன. அரைத்தவள் வெளியே நிற்கிறாள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. ஆண்கள் சமைப்பதைக் கோடிப்பேர் பார்ப்பது நல்லதுதான். சமைத்ததை முதியோருக்குப் பரிமாறுவதையும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் சமைக்கும் இடத்தைப் பாருங்கள்: வயல், மரநிழல், திறந்த வானம். ஆண் சமைத்தால் பின்னணி வெட்டவெளி. சமையல் திருவிழா ஆகிறது. அதே ஊர்ப் பெண் தினமும் மூன்று வேளை சமைக்கும் கூரைக்கடியில் எந்தக் கேமராவும் நுழைவதில்லை. நுழைந்தால் என்னைப் போல் சுவரின் கறுப்பைத் தேடித்தான் நுழைகிறது.

‘பாரம்பரியம்’ என்றால் பித்தளைப் பாத்திரம் என்பதும் இதே கணக்குதான். அந்த வீட்டில் இருந்தவை அலுமினியக் குண்டானும் பிளாஸ்டிக் குடமும். பித்தளை யார் வீட்டுப் பரண்களில் இருந்தது, யார் வீடுகளில் இல்லை என்பதைச் சாதியைப் பேசாமல் சொல்ல முடியாது.

“அப்ப எதுமேல வெச்சு எடுக்க?” என்று கேட்டேன்.

“வடகம் காயுற பொடவை இருக்கே!”

மாடியில் விரித்திருந்தது, வெளுத்துப்போன நீலப் பருத்திப் புடவை. கூழை அதில்தான் வரிசையாக ஊற்றுகிறார்கள். காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கிறார்கள். வெள்ளை வடகம் நீலத்தில் தெளிவாக விழுந்தது. நிழலுக்காக எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை, வெயிலே போதும்.

உறையில் இப்போது இருப்பது அந்தப் படம். நன்றாக வந்திருக்கிறது என்று பலரும் என்னைப் பாராட்டினார்கள். பின்னணியைத் தேர்ந்தெடுத்தது நானல்ல என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.