சித்திரத்தில் வாழும் குக்கம்

தேம்ஸ் நதிக்கரையில், 1867-இல் கட்டிய இரும்புப் பாலத்தையும், 12-ஆம் நூற்றாண்டுச் சுவர்களைத் தாங்கி நிற்கும் ஆலயத்தையும் உடைய குக்கம் என்ற ஆங்கிலேயச் சிற்றூர், அங்கே 1891-இல் ஜனித்த ஸ்டான்லி ஸ்பென்சர் என்னும் சித்திரக்காரரின் கண்களால் அமரத்துவம் எய்தியது. அவ்வாலயத்தின் கல்லறை முற்றத்திலேயே, தம் மனைவியும் சிநேகிதர்களும் சமாதிகளைத் திறந்துகொண்டு, நித்திரை கலைந்தவர்களைப் போல நிதானமாக எழுந்து வரும் காட்சியை, 1924 முதல் 1927 வரை பாடுபட்டு அவர் தீட்டிய பெருஞ்சித்திரம், சொர்க்கத்தைத் தம் ஊரிலேயே கண்டுகொண்ட ஒரு பக்தரின் சாதனை என்பேன். பால்யத்தில் அவர் பிரார்த்தனைக்குச் சென்ற மெதடிஸ்ட் ஆலயம் 1962 முதல் அவருடைய சித்திரசாலையாக விளங்குகிறது. வர்ணங்களை ஏற்றி அவர் தள்ளிச் சென்ற குழந்தை வண்டியும் அங்கே இருக்கிறது. லண்டன் செல்லும் அன்பர்கள், டேட் காட்சிசாலைக்கு உரிய அச்சித்திரத்தைத் தரிசித்தபின், இவ்வூரையும் அவசியம் பார்த்துவர வேண்டும்.