ஏசுவும் ஏசியவரும்

சேத்தூரில் ஒப்பிலக்கணத்தின் பெருமையை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். பனையேறியவரின் பேரன் ஒருவன் எழுந்தான்: “ஐயா, எங்களைப் பற்றி அவர் என்ன எழுதினார்?” விடை சொல்ல நாணினேன்.

1856-இல் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல், 1849-இல் ‘திருநெல்வேலிச் சாணார்’ என்றொரு நூலும் எழுதினார். இழிபெயரே தலைப்பு! பனையோடு போராடிப் பிழைத்த பெருங்குடி, உள்ளே அறிவு மழுங்கிய கூட்டமாம், இலங்கையிலிருந்து வந்தேறியதாம்! பாதிரிமார் வந்த பிறகே இவர்கட்குப் பொழுது விடிந்தது என்ற தோற்றம் ஏடெங்கும். இங்கிலாந்தில் காசு தருவோருக்கு இருட்டை மேலும் கருமையாகத் தீட்டிக்காட்ட வேண்டியிருந்தது போலும்!

வரலாறு அப்படியா பேசுகிறது? அவர் இடையன்குடிக்கு வந்தது 1841-இல். முதலூர் எழுந்ததோ 1799-இல். தாவீது சுந்தரானந்தம் என்னும் நாடார் உபதேசியார் தம் உற்றாரிடையே மதம் பரப்பினார். மாறியவர்கள் துன்புறுத்தப்பட்டபோது ஒதுங்கி வாழ அமைந்த ஊர் அது. அடியும் அலைச்சலும் அறிந்தே மாறியவர்களை மந்தை என்பதா? அவர்கள் தேடியது மோட்சம் மட்டுமன்று. பள்ளிக்கூடமும், முறையிட ஓரிடமும்.

1857-இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனில் பயின்றவரே, வெள்ளையர் சபையை உதறி இந்துக் கிறித்தவ சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வும் யூதச் சடங்குகளும் அதில் புகுந்தன. அவை நமக்கு வேண்டா. ஆயினும், ஏசுவை வைத்துக்கொண்டு ஏசியவரை விலக்கினாரே, அந்தத் துணிவு! 1880களில் கற்ற நாடார்கள் அந்நூலை எதிர்த்து எழுதினர். நூல் திரும்பப் பெறப்பட்டது.

மறுநாள் வகுப்பில் இரு நூல்களையும் சேர்த்தே சொன்னேன்.