லிண்டன் யோன்சன்: ஆட்சியும் போரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சனாதிபதியாக 1963 முதல் 1969 வரை விளங்கிய லிண்டன் யோன்சனை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் ஒரு தராசைக் கையிலெடுப்பர். உள்நாட்டுச் சட்டங்கள் ஒரு தட்டில்; வியட்நாம் போர் மற்றைத் தட்டில். எது தாழும் என்பதே அவர்தம் வினா. அத் தராசு இவரை நிறுக்கப் போதாது.

சட்டங்களின் பெருமையை மறுத்தற்கில்லை. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பயனை மிசிசிப்பி மாநிலத்திற் காணலாம். வாக்களிக்கும் வயதெய்திய கறுப்பின மக்களுள் நூற்றுக்கு ஏழு பேரளவினரே அதற்குமுன் வாக்காளராய்ப் பதிவு பெற்றிருந்தனர். 1967இல் ஏறத்தாழ அறுபதின்மர் பெற்றனர். யோன்சன் 1928இல் ரெக்சாசு மாநிலத்துச் சிற்றூரொன்றில் மெக்சிக்க வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர். அச் சட்டத்தை வேண்டிக் காங்கிரசிற் பேசியபொழுது அப்பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். அது வெறும் நடிப்பு என்பார், பின்வந்த சட்டத்துக்கு என்ன விடை கூறுவர்?

இனி, 1965 யூலைத் திங்களின் இறுதி நாட்களை நோக்குக. 28ஆம் நாள், வியட்நாமிலுள்ள படையை 75,000இலிருந்து 125,000 ஆகப் பெருக்குவதாக அறிவித்தார். மேலும் படை வேண்டப்படும் என்றாராயினும், சேமப்படையை அழைத்தாரல்லர்; புதுவரி கேட்டாருமல்லர். 30ஆம் நாள், முதியோர் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்திற் கைச்சாத்திட்டார். இவ்விரு செயல்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. போரின் முழு விலையையும் வெளியிட்டாற் காங்கிரசு தம் சமூகத் திட்டங்களைக் கைவிடும் என அவர் அஞ்சினார். திட்டங்களைக் காக்கும் பொருட்டே போரின் விலையை மறைத்தார். ஓராண்டின் முன், தொன்கின் வளைகுடாத் தீர்மானத்தைச் செனற் சபையில் இருவரே எதிர்க்குமாறு நிறைவேற்றுவித்ததும், குடிசார் உரிமைச் சட்டத்தை வென்றெடுத்ததும் ஒரே மன்றத் திறமையே.

மறைப்பு நெடுநாள் நிற்கவில்லை. விலைவாசி ஏறிற்று. 1967இல் அவர் கேட்ட 10 வீத மேல்வரியை 1968 யூனிற் காங்கிரசு வழங்கியபொழுது, அரசாங்கச் செலவில் 600 கோடி டொலரைக் குறைக்குமாறு விதித்தது. வறுமையொழிப்புக்குரிய பொருளைப் போர் விழுங்குகின்றதென மாட்டின் லூதர் கிங் 1967 ஏப்பிரலிலேயே நியூயோர்க்கில் எடுத்துரைத்திருந்தார்.

தராசிற்கு இன்னொரு குறையுமுண்டு. மருத்துவக் காப்புறுதி பெற்ற முதியவர் ஒருவர். குண்டு வீழ்ந்த ஊரிலே மாண்ட வியட்நாமிய உழவர் வேறொருவர். முன்னவர் பெற்ற நலத்தைப் பின்னவர் கணக்கிற் கழித்தற்கு எவருக்கும் உரிமையில்லை. மாண்ட வியட்நாமியர் பன்னூறாயிரவர். அமெரிக்கர் 58,000க்கு மேற்பட்டோர்.

1968 மார்ச்சு 31ஆம் நாள், மீண்டும் தேர்தலில் நில்லேன் என யோன்சன் அறிவித்தபொழுது, ஐந்து இலட்சம் அளவிலான அமெரிக்கப் படையினர் வியட்நாமில் இருந்தனர்.