சொல்லாமற் சொல்லும் பழி

தேர்தல் வந்துவிட்டால் கோப்பெங் கடைத்தெரு முதல் தோட்டத்து லயம் வரையில் கொடியும் படமும் நிறைந்துவிடுகின்றன. அவற்றை நாம் பார்க்கிறோம், படிப்பதில்லை. செய்யுளைப் பதம் பிரித்துப் படிப்பதுபோல், எதிரியைத் தாக்கும் விளம்பரத்தையும் படித்தல் வேண்டும்.

இவ்வகையில் பெயர் பெற்றது, 1964-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜான்சன் கட்சியார் வெளியிட்ட ஒரு நிமிஷ டெலிவிஷன் விளம்பரம். ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணிக் கிள்ளுகிறாள். ஓர் ஆண் குரல் பத்திலிருந்து இறங்கி எண்ணுகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் அபேட்சகரான கோல்ட்வாட்டரின் பெயர் ஓரிடத்தும் இல்லை. செப்டம்பர் 7-ந் தேதி ஒரே முறைதான் கட்சி அதைப் பணங் கொடுத்து ஒளிபரப்பிற்று. ஆயினும், “அவர் வந்தால் குண்டு விழும்” என்னும் வாக்கியத்தைப் பார்த்தவரே தம் மனத்துள் எழுதி முடித்தனர். தாமே எழுதியதை யார் மறுப்பர்? அணு ஆயுதம் பற்றி அவர் பேசிய பேச்சுக்களை எடுத்து வைத்தே வாதாடியிருக்கலாம். வாதத்தை விட்டு அச்சத்தைப் பிடித்தனர்.

நம் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் இல்லை. வித்தை மட்டும் உண்டு. 1990 அக்டோபரில், பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், எதிர்க்கட்சித் தலைவர் தெங்கு ரசாலி ஹம்சா சபாவுக்குச் சென்று கடசான் மக்களின் தலையணியைச் சூடினார். அதிலிருந்த கோலம் சிலுவையை ஒத்திருந்தது. உடனே அப்படம் பத்திரிகைகளில் பரப்பப்பட்டது. மதத்தைக் கைவிட்டவர்போல் அவர் காட்டப்பட்டார். ஓர் இனத்தாருக்குச் செய்த மரியாதை மறைந்தது. கோலம் மட்டும் நின்றது. அவர் அணி ஆட்சியைப் பிடிக்கவில்லை. அதற்கு அப்படமொன்றே காரணமென்று கூறோம். ஆனால் அது நேர்மையன்று என்போம்.

எதிர்ப்பே குற்றமோ? அன்று. தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் ஏன் வரவில்லையென்று பெயர் சொல்லிக் கேட்பது அவதூறாகாது. புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரே, மன்னனை இடித்துரைப்பாரையும் போற்றினார். இடித்துரைப்பவன் முகத்துக்கு நேரே பேசி மறுமொழிக்கு இடம் விடுகிறான். புறங்கூறுபவன் அவ்விடத்தை அடைத்துவிடுகிறான்.

இன்று அவ்வித்தை கைத்தொலைபேசியிலேயே நம் வீட்டினுள் வருகிறது. ஆகையால், வாசகர்களே! ஒரு படம் உங்களை அச்சுறுத்தினால் கேளுங்கள்: இதை அனுப்பியவர் யார்? எதை வெட்டி எறிந்தார்? நம் மனத்துள் எழுதவைத்த வாக்கியத்தைத் தம் கையெழுத்திட்டு எழுதுவாரா? அதற்குத் துணியாதவருக்கு உங்கள் வோட்டு எதற்கு?