ஃப்ரீ சைஸ் பெல்ட்டும் உட்காரும் பெண்களும்

சேலைக்கு மேல் போடும் எலாஸ்டிக் இடுப்பு பெல்ட் இப்போது கல்யாண வீடுகளில் எல்லார் இடுப்பிலும் இருக்கிறது. பின்பக்கம் அகலப் பட்டை, முன்னால் கல் பதித்த லட்சுமி முகப்பு, ஓரத்தில் இரட்டைக் கொக்கி. அமைப்பு தெரிந்ததுதான். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒன்று வாங்கி, ஆவணி முகூர்த்தங்கள் முழுக்கக் கட்டிப் பார்த்தேன். சில நாள் அலுவலகத்துக்கும் கட்டிப் போனேன். கல் ஒன்றுகூட உதிரவில்லை. இத்தனை வியர்வைக்கும் பாலிஷ் லேசாகத்தான் மங்கியிருக்கிறது. அந்த விலைக்கு இது நல்ல வேலைப்பாடு.

ஆனால் உட்கார்ந்தால் சுருள்கிறது.

நிற்கும்வரை பிரச்சினையே இல்லை. பந்தியில் உட்கார்ந்ததும் பட்டையின் மேல்விளிம்பு வெளிப்பக்கமாக மடிகிறது. மடிந்த பட்டை முந்தானை மடிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விலாப் பக்கம் ஏறுகிறது. முகப்பு மேல்நோக்கிச் சாய்ந்து, அதன் அடி விளிம்பு வயிற்றில் குத்துகிறது. எழுந்ததும் இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட வேண்டும். இழுத்தால் கொசுவம் தளர்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் இதே கதி, ஸ்கூட்டரிலும் இதே கதி.

காரணம் தையற்காரர்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற உடம்புக்கு இடுப்பு அளவுக்கும், சீட் என்று அவர்கள் சொல்லும் பின்பக்கச் சுற்றளவுக்கும் பத்து அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். இடுப்பிலிருந்து கீழே இறங்க இறங்கச் சுற்றளவு கூடிக்கொண்டே போகும். இந்தப் பட்டையோ நேர்ப்பட்டை. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒரே நீளம். கீழே இறுக்கும், மேலே தொளதொளக்கும், கடைசியில் சுற்றளவு குறைந்த இடம் பார்த்து ஏறிவிடும். எலாஸ்டிக்கின் ரகமும் இதில் சேர்த்தி. ஜடை போலப் பின்னிய எலாஸ்டிக்கை இழுத்தால் அகலம் குறையும். நிட் எலாஸ்டிக் மென்மையானது, ஆனால் சுருளும். தறியில் நெய்த எலாஸ்டிக்தான் விறைப்பாக நிற்கும். இந்த பெல்ட்டில் போட்டிருப்பது நிட்.

கடையில் கேட்டபோது, "ஃப்ரீ சைஸ்தாங்க்கா, எல்லாருக்கும் சேரும்" என்றார் விற்ற பெண். அவர் மேல் குறையில்லை, டப்பாவிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் அந்த அச்சின் மேல்தான். இழுத்தால் நீளும் என்பதும் உடம்புக்குச் சேரும் என்பதும் ஒன்றா? இடுப்பு பெரிதாக இருப்பவர் மாட்டும்போதே எலாஸ்டிக் தன் கடைசி எல்லைக்கு வந்துவிடுகிறது. முகூர்த்தம் முடிவதற்குள் தோலில் சிவப்பாகத் தடம் விழுகிறது. பருத்த உடம்புக்காரி நெளிந்துகொண்டிருந்தால் உடம்பைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள், பட்டையை யாரும் சொல்வதில்லை. மூன்று அளவில் செய்து விற்பதற்கு இந்த கம்பெனிக்கு என்ன தடை?

வளைவான உடம்புக்கு நகை செய்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முன்பக்கத் தூண்களில், 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் ஆடும் பெண்களைப் பாருங்கள்: ஒடுங்கிய இடை, அகன்ற இடுப்பு, நிறைய அணிகலன். நம் கோயில் சிற்பங்களில் மேகலை வயிற்றை நெரிப்பதில்லை. இடுப்பெலும்பின் மேல், உடம்பின் வளைவோடு வளைந்து, தாழ்வாக உட்கார்ந்திருக்கும். வயிற்றுக்கு மேலே கட்டுவது உதரபந்தம். அதற்கு இடம் வேறு, அளவு வேறு. பொற்கொல்லர் ஆள் பார்த்து அளவெடுத்துச் செய்யும் ஒட்டியாணமும் இந்த வழிதான். தகடு தகடாகக் கோத்துப் பின்னால் சங்கிலி வைத்தால், உட்காரும்போது உடம்போடு சேர்ந்து அசையும்.

சரி, வாங்கியாயிற்று என்றால் என்ன செய்வது? தொப்புளுக்குச் சற்று மேலே, விலா முடிந்து இடை ஒடுங்கும் இடத்தில் கட்டுங்கள். அதற்கு மேல் ஏறப் பட்டைக்கு இடமில்லை. விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருப்பவர்களுக்கு ஒன்றரை அங்குலப் பட்டை போதும். அகலப் பட்டை அவர்களின் மேலுடம்பை விழுங்கிவிடும். சேலை நிறத்தை ஒட்டிய பட்டை உடம்பை நீளமாகக் காட்டும். எதிர்நிறப் பட்டை குறுக்கே வெட்டும். முந்தானையை மடிப்பெடுத்து பெல்ட்டுக்குள் செருகிய பிறகு, இடுப்புக்கு மேலே விரல் நுழையும் அளவு தளர விடுங்கள். காரைக்குடிக் கண்டாங்கி எனக்கு உயிர், ஆனால் அந்தக் கனமான பருத்தி பெல்ட்டுக்குள் மூட்டையாகத் திரளும். சாஃப்ட் சில்க், கிரேப் இரண்டும் படியும்.

எனக்குத் தீர்வு கிடைத்தது தையற்காரரிடம்தான். பிளவுஸ் துணி மிச்சத்தில், உள்ளே கேன்வாஸ் வைத்து, கீழ்விளிம்பு ஒன்றரை அங்குலம் நீளமாக இருக்கும்படி வளைத்து வெட்டித் தைத்துக் கொடுத்தார். பின்பக்கம் மட்டும் ஒரு சாண் நெய்த எலாஸ்டிக், மூன்று வரிசைக் கொக்கி. அளவை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார். இடுப்பில் ஒன்று, இரண்டு அங்குலம் கீழே ஒன்று. பழைய பெல்ட்டின் முகப்பைப் பிரித்து இதில் வைத்துத் தைத்தாயிற்று. அடுத்து வந்த வளைகாப்பில் சாப்பிட்டு, கோலாட்டம் ஆடி, தரையில் சம்மணம் போட்டும் உட்கார்ந்தேன். பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இடுப்பும் சீட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பவர்கள் கடையில் இருப்பதையே வாங்கலாம், அந்த விலைக்கு நன்றாக உழைக்கும். மற்றவர்கள் முகப்பை மட்டும் வாங்கிக்கொண்டு தையற்காரரிடம் போங்கள்.