டப்பாவில் அச்சிட்ட எதிர்ப்பு சக்தி

கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் தீவனச் சேர்க்கைகளில் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற வாசகம் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளே வைட்டமின் இ இருக்கலாம், செலினியம் இருக்கலாம், ஈஸ்ட் இருக்கலாம், மூலிகைப் பொடியும் இருக்கலாம். வாசகம் மட்டும் ஒன்றே. முட்டை உற்பத்திச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தீவனமே தின்றுவிடுகிறது. அதன்மேல் இன்னொரு செலவை ஏற்றச் சொல்லும் வாக்குறுதி என்பதால் இதை உரசிப் பார்க்காமல் விடக்கூடாது.

வாக்குறுதியில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். வைட்டமின் ஏ குறைந்த கோழியின் மூச்சுப்பாதை உள்தோல் வறண்டு தடித்து, கிருமிக்கு வழிவிடுகிறது. துத்தநாகம் குறைந்தால் எதிர்ப்பாற்றலுக்குத் தேவையான தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. 1970களில் நடந்த சோதனைகளில், வைட்டமின் இ கூடுதலாகப் பெற்ற குஞ்சுகள் ஈ-கோலை தொற்றில் குறைவாகவே மடிந்தன. ஆனால் பள்ளத்தை நிரப்புவது வேறு, மேட்டின்மேல் மண் கொட்டுவது வேறு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், வைட்டமின் இ மிகையாகத் தின்ற கோழிக்குஞ்சுகளிலும் வான்கோழிக்குஞ்சுகளிலும் எதிர்ப்பொருள் உற்பத்தி குறைந்துபோனது. வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் வாய் பிளந்து இரைக்கும் கோழிக்கு அதைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதில் நியாயம் உண்டு; மார்கழியில் எதற்கு?

'கூட்டுவது' என்ற சொல்லே எனக்கு நெருடுகிறது. நோய் எதிர்ப்பு என்பது குதிரில் சேர்த்துவைக்கும் தானியமா? அது விழித்தெழும்போதெல்லாம் கோழி விலை கொடுக்கிறது. அழற்சி மூண்டால் இரை எடுப்பது குறைகிறது, மார்புத் தசை கரைகிறது, அதிலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரல் பாதுகாப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. எப்போதும் கிளர்ந்தே இருக்கும் எதிர்ப்பாற்றல் முட்டைக்கும் எடைக்கும் பகை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குப் பின் உயர்ந்த டைட்டரைக் காட்டி விற்பவர்கள் உண்டு. டைட்டர் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் அளவை மட்டுமே சொல்லும். மூச்சுக்குழாயிலும் குடலிலும் நடக்கும் காவலைப் பற்றி அதற்குச் சொல்லத் தெரியாது.

தீவனம் எதிர்ப்பாற்றலைப் பறிக்கும் என்பதற்கோ சான்று மலைபோல் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதுதான் அஃப்ளாடாக்ஸின். கொத்துக்கொத்தாகக் கொல்லும் அளவைவிட, கண்ணுக்குத் தெரியாத சிறு அளவே எனக்கு அதிகக் கவலை தருகிறது. கோழியின் எச்சத்துளைக்கு மேலே பர்சா என்ற சிறு பை உண்டு. எதிர்ப்பொருள் பிறக்க அது தேவை என்பதை 1956இல் புரூஸ் கிளிக்கும் திமோத்தி சாங்கும் கோழிகளைக் கொண்டே காட்டினார்கள். அந்தப் பையையும் தைமஸையும் அஃப்ளாடாக்ஸின் சுருக்கிவிடுகிறது. கோழி சாகாது, தீனியும் தின்னும். போட்ட தடுப்பூசி மட்டும் சரியாகப் பிடிக்காது. பழி தடுப்பூசியின்மேல் விழும். தீவனத்தில் கலந்த, பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

குருணைத் தீவனம் தயாரிக்கும் சூட்டில் இந்த நஞ்சு அழிவதில்லை. பூஞ்சை குவியல் முழுக்கச் சீராகப் பரவுவதுமில்லை, திட்டுத்திட்டாகவே பிடிக்கும். ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பல மூட்டைகளில் குத்தி எடுத்துக் கலந்துதான் மாதிரி அனுப்பவேண்டும். களிமண் வகை டாக்ஸின் பைண்டர்கள் அஃப்ளாடாக்ஸினை நன்றாகவே பிடிக்கின்றன. டி-2 போன்ற வேறு பூஞ்சை நஞ்சுகளிடம் அவை பெரிதாகச் செல்லுபடியாவதில்லை. பைண்டர் போட்டாயிற்று என்று ஈர மக்காச்சோளத்தை வாங்குவது அதனால் தப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது: எதிர்ப்பு சக்திக்கென்று ஒதுக்கும் பணம் முதலில் ஈரப்பதமானிக்கும் தீவனப் பரிசோதனைக்கும் போகவேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. அடுத்தது, கோழியின் வயதுக்கும் வெயிலுக்கும் ஏற்ற சத்துக் கணக்கு. வெயிலில் தீனி குறையும்போது ஒவ்வொரு கிலோவிலும் சத்தின் அடர்த்தியைக் கூட்டியாகவேண்டும். டப்பா கடைசியில்தான். அதை விற்பவரும், பூஞ்சையில்லாத முழுச்சத்துத் தீவனம் தின்னும் கோழிகளோடு ஒப்பிட்டு, நோய் தாக்கியபோது எத்தனை பிழைத்தன, எத்தனை முட்டை இட்டன என்று காட்டட்டும். மூலிகைக்கும் இதே அளவுகோல்தான். நம் ஊர்ச் சரக்கு என்பதற்காக நான் சலுகை தரமாட்டேன்.

ஒரே ஒரு கூடுதல் கவனத்துக்கு மட்டும் தயங்காமல் கையெழுத்திடுவேன். பொரித்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை நம்பி இரண்டு நாள் வரை பெட்டிக்குள் பயணம் செய்கிறது. பட்டினி நீள நீளக் குடலின் வளர்ச்சியும் பர்சாவின் வளர்ச்சியும் பின்தங்குகின்றன. சீக்கிரம் இரை பெற்ற குஞ்சுகளின் பர்சா பெரிதாக இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வண்டி வந்து பெட்டியைத் திறக்கும்போதே தண்ணீரும், தாளில் பரப்பிய குருணையும் காத்திருக்கவேண்டும்.