அலங்கார வளைவுக்குப் பின்னால் ஒரு கம்பெனி

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு பட்டியல் வந்து விழும். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938). தமிழில் முதல் இரட்டை வேடம் 'உத்தமபுத்திரன்' (1940). முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956). பெருமைதான், மறுக்கவில்லை. ஆனா இந்த 'முதல்'களை ஒப்பிக்கிறவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருப்பார்கள்?

டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்தவர். 1935இல் ஏற்காடு சாலையில் அவர் கட்டியதை ஸ்டுடியோ என்பதைவிட மில் என்றே சொல்லலாம். படப்பிடிப்புத் தளம், லேப், ஒலிப்பதிவு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடிகர்களுக்கு மாதச் சம்பளம். நூறு படங்களுக்கு மேல் வந்தது அப்படித்தான். மில்லுக்குப் பஞ்சு வெளியிலிருந்துதான் வரும். 'உத்தமபுத்திரன்' இரும்பு முகமூடிக் கதை, 'திகம்பர சாமியார்' வடுவூரார் நாவல், அலிபாபா அரபுக் கதை. அதனால் பிற்காலத்தில் காப்பியடித்துக் கெட்டுப்போனார்கள் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். முதல் நாளிலிருந்தே கடன் வாங்கித்தான் எடுத்தார்கள்.

வாங்கியதை என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'மந்திரிகுமாரி'யை (1950) எடுத்துக்கொள்வோம். மூலம் குண்டலகேசி. கொல்ல வந்த கணவனை மூன்று முறை வலம் வந்து மலையிலிருந்து தள்ளிவிடுகிறாள் மனைவி. காப்பியத்தில் அது அவள் துறவுக்குப் போகும் வழி. கருணாநிதி அந்தக் கணவனை ராஜகுருவின் மகனாக்கிவிட்டார். அவ்ளோதான், கதையே வேறு! அரசனை ஆட்டிவைக்கும் குரு, பகலில் அரண்மனைப் பிள்ளையாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் திரியும் மகன். தி.மு.க. பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை; கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த ராஜகுரு யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எம்.ஜி.ஆர். படம் என்கிறார்கள். எனக்கு அது மாதுரிதேவியின் படம்.

1963இல் சுந்தரம் இறந்தார். மகன் ராமசுந்தரம் காலத்தில் ஜெய்சங்கர் வந்தார்: 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்'. ஜாலியான படங்கள், வேகம் குறையவில்லை. ஆனால் இதில் வரும் எதிரி எந்த ஊர்க்காரன்? துப்பாக்கி, ரகசிய அறை, கவர்ச்சி நடனம் எல்லாம் உண்டு. படம் பார்க்கிறவன் பயப்படும், வெறுக்கும் ஆள் மட்டும் அதில் இல்லை. கடன் அப்படியே கடனாக நின்றுவிட்டது. 1982 வாக்கில் கம்பெனியும் முடிந்தது.

கேம் ஆடுகிறவர்களுக்கு ஹட்சன் சாஃப்ட் தெரிந்திருக்கும். அதுவும் தலைநகரிலிருந்து தள்ளி, சப்போரோவில் 1973இல் ஒரு ரேடியோ கடையாகத் தொடங்கியது. 2012இல் கொனாமி அதை விழுங்கிவிட்டது. ஆனாலும் பாம்பர்மேனை 'முதல்' பட்டியலில் வைத்து யாரும் கும்பிடுவதில்லை. இன்னமும் ஆடுகிறார்கள், மொக்கை என்றும் திட்டுகிறார்கள். நம்மூரில் அந்த வளைவின் முன்னால் செல்ஃபி எடுக்கிறோம். 'மந்திரிகுமாரி'யின் மலையுச்சிக் காட்சி பத்து நிமிடம்கூட வராது. பார்த்துவிட்டு வாருங்கள், சண்டை போடுவோம்.